கேஸ் கட்டு நமக்குச் சொந்தமில்லை: மதுரையின் இளம் வழக்கறிஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

உங்கள் வீடியோக்களைத் தவறாமல் பார்க்கிறவர்களில் நானும் ஒருத்தி. ஒத்தக்கடையில் உயர் நீதிமன்றக் கிளை வாசலில் மைக்கைக் கண்டதும் கழுத்துப் பேண்டைச் சரிசெய்துகொண்டு நிற்கிறவர்களைப் பார்க்கிறேன். மாவட்ட நீதிமன்ற வராந்தாவில் கவுன் பறக்க மெதுவாக நடந்து, பின்னால் சினிமாப் பாட்டு ஓடவிட்டு ரீல்ஸ் போடுகிறவர்களைப் பார்க்கிறேன். 'இன்னிக்கு நம்ம கட்சிக்காரருக்கு பெயில் வாங்கியாச்சு' என்று உத்தரவின் முதல் பக்கத்தை ஸ்டேட்டஸில் வைக்கிறவர்களையும் பார்க்கிறேன். இந்த மடல் உங்களில் சிலருக்குப் பிடிக்காது. 'மேடத்துக்கு வேற வேலை இல்ல' என்று ஒரு வரி சேர்த்து குரூப்பில் பார்வர்டு செய்வீர்கள். செய்யுங்கள். முழுக்கப் படித்துவிட்டுச் செய்யுங்கள் என்பது மட்டும்தான் முதல் வேண்டுகோள்.

உங்கள் பக்கத்து நியாயத்தை முதலில் நானே சொல்லிவிடுகிறேன். அப்பா வக்கீல், மாமனார் நீதிபதி என்ற பின்புலம் எதுவும் இல்லாமல் உசிலம்பட்டியிலிருந்தும் பேரையூரிலிருந்தும் மேலூரிலிருந்தும் பஸ் ஏறி வருகிற முதல் தலைமுறை நீங்கள். சீனியர் ஆபீசில் வாய்தா வாங்கவும், நகல் மனு போடவும், கட்டைத் தூக்கிக்கொண்டு கோர்ட் கோர்ட்டாக ஓடவும் ஆள் வேண்டும். மாதக் கடைசியில் கையில் என்ன கொடுப்பது என்ற பேச்சு மட்டும் எழாது. 2024 ஜூனில் நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், சி. குமரப்பன் அமர்வு இதைக் கவனித்தது. சென்னை, மதுரை, கோவையில் ஜூனியர்களுக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000 ரூபாய் உதவித்தொகை தர வேண்டுமென்று சுற்றறிக்கை அனுப்பச் சொல்லி தமிழ்நாடு பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. அடுத்த மாதமே, ஜூலை 3 அன்று, அதே இரண்டு நீதிபதிகள்தான் இணையதளங்கள் வழியாக வழக்கறிஞர்கள் விளம்பரம் தேடுவதற்கு எதிராகக் கடுமையான தீர்ப்பையும் சொன்னார்கள். முதல் உத்தரவை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, இரண்டாவதை மட்டும் எடுத்து உங்கள் முகத்துக்கு நேராக நீட்டுகிற சீனியர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். அவர்களோடு சேர்ந்து உங்களைக் கண்டிக்க நான் வரவில்லை. ஜூனியருக்குச் சம்பளம் கொடுக்காத ஆபீசுக்கு ரீல்ஸைப் பற்றிப் பேச வாயில்லை.

ஆனால் தொழில் விதி என்ன சொல்கிறது என்பதை ஒருமுறையாவது உட்கார்ந்து படியுங்கள். இந்திய பார் கவுன்சில் விதிகளில் 36-ஆவது விதி. நேராகவோ மறைமுகமாகவோ வேலை தேடி விளம்பரம் செய்யக்கூடாது என்பதோடு அது நிற்கவில்லை. தான் ஆஜராகும் வழக்கு தொடர்பாகப் பத்திரிகைக் கருத்துகளைத் தூண்டிவிடுவது, தன் புகைப்படத்தை வெளியிடச் செய்வது ஆகிய இரண்டையும் பெயர் சொல்லித் தடுக்கிறது. பெயர்ப்பலகை நியாயமான அளவில் இருக்க வேண்டும்; இன்ன வகை வழக்கில் நிபுணர் என்றுகூட அதில் எழுதக்கூடாது. கைபேசி பிறப்பதற்கு முன்பு எழுதிய விதிதான். இருந்தாலும், உங்கள் ரீல்ஸை எதிரே வைத்துக்கொண்டு எழுதியதுபோல இருக்கிறது. 2008-இல் கொஞ்சம் தளர்த்தினார்கள்: இணையதளத்தில் பெயர், முகவரி, பதிவு எண், படிப்பு, எந்தத் துறையில் தொழில் செய்கிறோம் என்ற விவரங்களைப் போடலாம். 2025 மார்ச்சில் மீண்டும் இறுக்கி, சமூக ஊடகத்தில் நடிகர்களையும் பிரபலங்களையும் வைத்து விளம்பரம் செய்வதை பார் கவுன்சில் கண்டித்தது. இந்த விதி பழசு, மாற்ற வேண்டும் என்று நீங்கள் வாதாடினால் பாதிக்கு மேல் உங்களோடு ஒத்துப்போவேன். பெரிய நிறுவனங்கள் மாநாடு நடத்தியும் விருது வாங்கியும் விளம்பரம் தேடிக்கொள்கின்றன. வாடிப்பட்டி முன்சீப் கோர்ட்டில் நிற்கிற பையனுக்குக் கைபேசியை விட்டால் வேறு வழியில்லை. அது நியாயமான சண்டை. போடுங்கள்.

என் மனக்குறை வேறு இடத்தில் இருக்கிறது. ரீல்ஸில் நீங்கள் உங்களை மட்டும் காட்டினால் எனக்குப் பேச ஒன்றுமில்லை. நீங்கள் காட்டுவது கட்சிக்காரரின் வாழ்க்கையை.

நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஊரும் ஆளும் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். விவாகரத்தும் ஜீவனாம்சமும் கலந்த வழக்கு. நான் மனைவி பக்கம். கணவர் வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டு லீவில் வந்திருந்தார். சமரச மையத்தில் பல தடவை உட்கார்ந்து பேசி, தொகை ஏறக்குறைய முடிவாகிவிட்டது. குழந்தையை மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் விடுவதற்குப் பெண்ணின் தகப்பனார் அரை மனதாகச் சம்மதித்திருந்தார். அந்த வாரம் எதிர்த்தரப்பு ஜூனியர் ஒருவர் வீடியோ போட்டார். பெயர் சொல்லவில்லை, முகம் காட்டவில்லை. 'ஜவுளிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டே வருமானம் இல்லை என்று சொன்ன மனைவி, குறுக்கு விசாரணையில் எப்படி மாட்டினார்?' என்பது தலைப்பு. திருமங்கலம் பக்கம் ஒரு கிராமம் என்றும், கணவர் சிங்கப்பூர் என்றும் ஓரிடத்தில் வாய்தவறிச் சொல்லிவிட்டார். அந்தக் கிராமத்தில் சிங்கப்பூர் போன மாப்பிள்ளைகள் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்? சாயங்காலத்துக்குள் டீக்கடையில் எல்லோர் கையிலும் அது ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த அமர்வுக்குப் பெண்ணின் தகப்பனார் வரவில்லை. 'ஊர் சிரிச்சாச்சு, இனி என்னம்மா பேச்சு, கோர்ட்டே முடிவு பண்ணட்டும்' என்று போனில் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். வழக்கு விசாரணைக்குத் திரும்பியது. லீவு முடிந்து கணவர் விமானம் ஏறினார், குழந்தையைப் பார்க்காமலே.

இங்கே தோற்றது யார் என்று யோசியுங்கள். வீடியோ போட்ட தம்பியின் கட்சிக்காரர்தான். அந்தத் தம்பி கெட்டவரும் இல்லை. நன்றாகக் குறுக்கு விசாரணை செய்தார், நாலு பேர் பாராட்ட வேண்டும் என்று நினைத்தார். அந்தப் பாராட்டுக்கான விலையைக் கொடுத்தவர் அவரை நம்பி வக்காலத்தில் கையெழுத்துப் போட்டவர்.

சட்டம் இதை முன்கூட்டியே யோசித்து வைத்திருக்கிறது. இந்து திருமணச் சட்டத்தின் 22-ஆவது பிரிவு, இந்த விசாரணைகள் மூடிய அறையில் நடக்க வேண்டும், நடந்ததை வெளியிடக்கூடாது என்கிறது. மீறினால் அபராதம் ஆயிரம் ரூபாய் வரை. இன்றைக்கு அந்தத் தொகையைக் கேட்டால் சிரிப்பு வரும். அந்தப் பெண்ணின் தகப்பனாருக்கு வராது. கட்சிக்காரர் நம்மிடம் சொன்னதை அவருடைய வெளிப்படையான சம்மதம் இல்லாமல் வெளியிடக்கூடாது என்பது பழைய சாட்சியச் சட்டத்தில் 126-ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் 132-ஆவது பிரிவு. வழக்கு முடிந்த பிறகும் இந்தக் கடமை தீராது. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிட்டால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆவது பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறை. பெயரை மறைத்துவிட்டேன் என்பது தப்பிக்கும் வழி ஆகாது. ஊர், தெரு, கடை, உறவு என்று அடையாளம் காட்டும் எதைச் சொன்னாலும் சொன்னதுதான். மஞ்சப்பையில் பட்டாவையும் கிரயப் பத்திரத்தையும் எஃப்.ஐ.ஆர். நகலையும் திணித்துக்கொண்டு நம் மேசைக்கு முன்னால் வந்து உட்காருகிறவர், அதை நம்மிடம் கொடுத்து வைக்கிறார். அந்தக் கட்டு நமக்குச் சொந்தமில்லை.

அடுத்து, நீதிபதிகளைப் பற்றி நீங்கள் போடுகிற பதிவுகள். விமர்சிக்காதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமே, நீதிமன்ற நடவடிக்கைகளை நேரலையில் காட்டலாம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. 2024-இல் கர்நாடக உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் பேசிய பேச்சு யூடியூப் நேரலையிலிருந்து வெட்டப்பட்டு நாடெங்கும் பரவியது. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து அதைக் கவனித்தது, அவர் வருத்தம் தெரிவித்தார். நேரலை இல்லாவிட்டால் அது வெளியே தெரிந்திருக்காது. ஆகவே கேமராவுக்கு நான் எதிரி இல்லை. ஆனால் பொதுமக்கள் வெட்டிய துண்டைப் பார்த்துக் கோபப்படலாம், கொண்டாடலாம். நமக்கு அந்தச் சலுகை கிடையாது. நமக்கு உத்தரவைப் படிக்கத் தெரியும்.

நம் ஊரிலிருந்தே இரண்டு டிசம்பர்களைச் சொல்கிறேன். 2021-இல் ஓர் இடதுசாரிக் கட்சிப் பொறுப்பாளர் குடும்பத்தோடு சிறுமலைக்குப் போய்ப் படமெடுத்து, துப்பாக்கிப் பயிற்சிக்காக சிறுமலைப் பயணம் என்று முகநூலில் வேடிக்கையாக எழுதினார். வாடிப்பட்டி போலீஸ், அரசுக்கு எதிராகப் போர் தொடுக்க ஆயத்தம் என்ற அளவுக்குப் பிரிவுகளைப் போட்டு வழக்குப் பதிந்தது. அந்த டிசம்பர் 17 அன்று நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் அந்த வழக்கை ரத்து செய்து, நகைச்சுவைக்கான உரிமையைப் பற்றி நாடே ரசித்துப் படித்த உத்தரவை எழுதினார். அதே நீதிபதி 2025 டிசம்பர் 1 அன்று திருப்பரங்குன்றம் மலைத் தூணில் தீபம் ஏற்றுவது பற்றி உத்தரவிட்டார். அதன் பிறகு நம் குரூப்புகளில் என்னவெல்லாம் ஓடியது என்று உங்களுக்கே தெரியும். 2021-இல் அவரைக் கொண்டாடியவர்கள் பலர் 2025-இல் ஏசினார்கள். 2021-இல் முகம் சுளித்தவர்கள் 2025-இல் அவர் படத்தைக் கவர் போட்டோவாக வைத்தார்கள். யார் சரி என்று நான் இங்கே சொல்லப்போவதில்லை. அந்தக் கேள்வி மேல்முறையீட்டில் பேசப்பட வேண்டியது. நான் கேட்பது ஒன்றுதான்: இரண்டு உத்தரவுகளையும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டுப் பதிவு போட்டவர்கள் உங்களில் எத்தனை பேர்? உத்தரவில் எந்தப் பத்தி தவறு, எந்த முன்தீர்ப்பை விட்டுவிட்டார், எந்தச் சாட்சியத்தைப் பார்க்கவில்லை என்று எழுதினால் அது வழக்கறிஞரின் விமர்சனம். சாதியையும் கட்சியையும் மட்டும் எழுதினால் அதற்குச் சட்டப் படிப்பு தேவையில்லை.

அந்தச் சிறுமலை வழக்கில் இன்னொரு விஷயம் இருக்கிறது. அதைத்தான் நீங்கள் அதிகம் நினைவில் வைக்க வேண்டும். உயர் நீதிமன்றத்துக்கு வருவதற்கு முன்பே, வாடிப்பட்டி நீதித்துறை நடுவர் அந்த மனிதரைச் சிறைக்கு அனுப்ப மறுத்துவிட்டார். ரிமாண்ட் கேட்டு ஆளைக் கொண்டுவந்து நிறுத்தியபோது, கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடாமல் தாளைப் படித்தார். உயர் நீதிமன்றம் தன் உத்தரவில் அதைப் பாராட்டியது. முகநூலில் ஒருவருக்கு இருக்கிற பேச்சுரிமையைக் காப்பாற்றியது முகநூல் கூச்சல் இல்லை. தாலுகா கோர்ட்டில் யாரும் வீடியோ எடுக்காத ஒரு மதியம் நடந்த வேலை.

கோகுல்ராஜ் கொலை வழக்கையும் பாருங்கள். சேலம் மாவட்டத்து இளைஞர். 2015 ஜூனில் கொல்லப்பட்டு ரயில் பாதையில் கிடந்தார். முதல் குற்றவாளி தலைமறைவாக இருந்தபடியே வாட்ஸ்அப்பில் ஒலிப்பதிவுகளை விட்டுக்கொண்டிருந்தார். கைபேசிக்குக் கைபேசி அவை பாய்ந்தன, அவரை வீரனாக்கப் பார்த்தன. வழக்கு நம் மதுரைக்கு, சிறப்பு நீதிமன்றத்துக்கு மாறி வந்தது. முக்கியச் சாட்சி பிறழ்சாட்சியானார். இருந்தும் 2022 மார்ச்சில் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை. முதல் குற்றவாளியின் ஆயுள் தண்டனையை 2023 ஜூனில் உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. அந்தத் தீர்ப்பைத் தாங்கி நின்றவற்றில் முக்கியமானது திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலின் கண்காணிப்புக் கேமரா பதிவு. அந்தப் பதிவு எப்படி எடுக்கப்பட்டது, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, மின்னணுப் பதிவுக்கான 65பி சான்றிதழ் சரியா என்று வரி வரியாக வாதாடினார்கள். மேல்முறையீட்டு நீதிபதிகள் கோயிலுக்கே நேரில் போய்ப் பார்த்தார்கள். இத்தனை ஒலிப்பதிவுகள் எழுப்பிய சத்தத்துக்கு எதிரே நின்றது ஒழுங்காக நிரூபிக்கப்பட்ட ஒரு பதிவு.

நமக்கு இன்னும் பக்கத்தில், மடப்புரம். 2025 ஜூனில் கோயில் காவலாளி அஜித்குமார் போலீஸ் பிடியில் இறந்தார். அடிக்கிற காட்சியை ஒருவர் மறைவாக நின்று கைபேசியில் எடுத்தார். அது இல்லாவிட்டால் அந்த வழக்கு எப்படிப் போயிருக்கும் என்று நமக்குத் தெரியாதா? சமூக ஊடகத்தின் பலம் இதுதான். இதை யாரும் சிறுமைப்படுத்த முடியாது. ஆனால் அதே வாரம் இன்னொன்றும் நடந்தது. படம் எடுத்தவரின் முகமும் பெயரும் எல்லாத் திரைகளிலும் ஓடின. கடைசியில் அவர் தனக்குப் பாதுகாப்புக் கேட்டு மனுக் கொடுக்க வேண்டியதாயிற்று. சாட்சியைப் பாதுகாத்து கூண்டு வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பது யார் வேலை? போலீஸ் வேலை என்று மட்டும் சொல்லாதீர்கள். நாமும் கோர்ட் அதிகாரிகள்தான்.

இப்படி ஒரு காட்சி கையில் கிடைத்தால் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று கட்சிக்காரருக்குச் சொல்லிக்கொடுக்கிறீர்களா? வாட்ஸ்அப்பில் நாலு கை மாறி வந்த நகலுக்கும், எடுத்த கைபேசியில் இருக்கிற அசலுக்கும் நீதிமன்றத்தில் உள்ள தூரம் பெரிது. புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவில் இரண்டு பகுதிச் சான்றிதழ் வேண்டும்: ஒன்றைக் கருவியைக் கையாண்டவர் தர வேண்டும், இன்னொன்றை நிபுணர் தர வேண்டும். கோப்பின் ஹாஷ் மதிப்பை அதில் குறிக்க வேண்டும். அந்தக் கைபேசியை ஃபார்மேட் செய்யாமல், விற்காமல், தண்ணீரில் போடாமல் பத்திரமாக வைக்க வேண்டும். இதைத் தமிழில் மூன்று நிமிடத்தில் சொல்லுகிற வீடியோவைப் போடுங்கள். நானே என் குடும்ப குரூப்பிலிருந்து சங்க குரூப் வரைக்கும் பகிர்கிறேன்.

போட வேண்டியவை இன்னும் இருக்கின்றன. போலீஸ், சி.பி.ஐ. என்று வீடியோ அழைப்பில் வந்து 'உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம்' என்று மிரட்டிப் பணம் பறிக்கிறார்கள். ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் வங்கிக்காரர்களும்கூட ஏமாறுகிறார்கள். அப்படியொரு கைது எந்தச் சட்டத்திலும் இல்லை என்று உங்கள் குரலில், நம் மதுரைப் பேச்சில் சொல்லுங்கள். விசாரணைக்கு அழைக்கிற நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பக்கூடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் போலீசுக்குச் சொன்னது மேலூர்ச் சந்தையில் எத்தனை பேருக்குத் தெரியும்? பார்வர்டு செய்தாலும் பொறுப்பு உண்டு என்பதை 2023-இல் நடிகர் எஸ்.வி. சேகர் வழக்கில் உயர் நீதிமன்றம் தெளிவாக்கியது. அதற்கு முன் 2018-இல் அவர் வேறொருவர் எழுதியதைத்தான் பகிர்ந்திருந்தார். மன்னிப்புக் கேட்டும் வழக்கு போகவில்லை. இதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு யார் சொல்வது? இதற்கெல்லாம் 36-ஆவது விதி குறுக்கே வராது. சட்டத்தைச் சொல்லிக்கொடுப்பது விளம்பரம் ஆகாது. கீழே உங்கள் போன் நம்பரும் 'வெற்றி உறுதி' என்ற வரியும் ஓடினால்தான் விளம்பரம்.

ஆகவே உங்களிடம் நான்கு விஷயங்களைக் கேட்கிறேன். நிலுவையில் இருக்கிற, நீங்கள் ஆஜராகிற வழக்கைப் பற்றிக் கேமரா முன்னால் பேசாதீர்கள். கட்சிக்காரரின் நலனுக்காகப் பேசியே ஆக வேண்டுமென்றால் அவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிவிட்டு, கோர்ட் பதிவில் உள்ளதை மட்டும் பேசுங்கள். குடும்ப வழக்கு, போக்சோ வழக்கு, பாலியல் குற்ற வழக்கு இவற்றை ஊர், பெயர், சாதி எதுவும் இல்லாமல்கூடக் கதையாக்காதீர்கள். இன்றைக்குப் புனைபெயரில் போட்டது நாளைக்கு அந்தக் குழந்தையின் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேரும். முழு உத்தரவைப் படிக்காமல் எந்த நீதிபதியையும் புகழாதீர்கள், இகழாதீர்கள். மாதம் ஒரு வீடியோவாவது உங்கள் முகத்துக்காக இல்லாமல் மக்களின் சட்ட அறிவுக்காகப் போடுங்கள்.

இதைத் தனித்தனி ஆளாகச் செய்ய முடியாது. பக்கத்து சேம்பர் பையன் ரீல்ஸ் போட்டுக் கட்சிக்காரரைப் பிடிக்கும்போது நான் மட்டும் ஏன் விரதம் இருக்க வேண்டும் என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. அதனால்தான் மாவட்ட நீதிமன்றத்திலும் உயர் நீதிமன்றக் கிளையிலும் இருக்கிற நம் சங்கங்கள் பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாக்க வேண்டும் என்கிறேன். டெல்லியிலிருந்து சுற்றறிக்கை வரட்டும் என்று காத்திருந்தால், வருவது வெறும் தடையாகத்தான் இருக்கும். நாமே எழுதினால் எது கூடாது என்பதோடு எது கூடும் என்பதையும் எழுதலாம். அதே தீர்மானத்தில், ஜூனியர்களுக்கு 20,000 ரூபாய் உதவித்தொகையை ஒவ்வொரு சீனியர் ஆபீசும் தர வேண்டும் என்பதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். சம்பளத்தைப் பற்றிப் பேசாமல் ஒழுக்கத்தை மட்டும் பேசுகிற தீர்மானத்துக்கு நான் கை தூக்கமாட்டேன், நீங்களும் தூக்காதீர்கள்.

அடுத்த பொதுக்குழுவுக்கு வாருங்கள். தீர்மானத்தை முன்மொழிய நான் எழுந்து நிற்கிறேன். சீனியர்கள் முறைப்பார்கள், சிலர் வெளிநடப்பும் செய்வார்கள். வழிமொழிய உங்களில் ஒருவர் எழுந்தால் போதும்; இரண்டு பேர் எழுந்தால் ஓட்டுக்கு விடச் சொல்லிக் கேட்போம்.

அன்புடன்,
மாவட்ட நீதிமன்ற வராந்தாவில் உங்களோடு நிற்கிற ஒரு வழக்கறிஞர்,
மதுரை.